நியோவாவோடு ஐந்து வருடம்: கட்டுக்குருந்தவுக்கும் கந்தளாய் மழைக்கும் ஒரே ரயர் காணுமா?

கார் பழைய சுசூகி சுவிஃப்ட் ஸ்போர்ட், இசட்சி31எஸ் மொடல். 1.6 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர், முன்சில்லு இழுவை. ரயர் அளவு 195/50 ஆர்16. நான் இருப்பது திருகோணமலையில், உவர்மலைப் பக்கம். 2019 தொடக்கத்தில் யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி08ஆர் நாலு போட்டேன், 2023 கடைசியில் கழற்றினேன். மொத்தம் 19,000 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. அதில் ட்ராக்கில் ஓடியது 400 கூட வராது.

இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரயர் வாங்கும்போது எனக்கு இது தெரியவில்லை. கொழும்பில் இருப்பவருக்குக் களுத்துறைப் பக்கம் உள்ள கட்டுக்குருந்த ட்ராக் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம். எனக்குப் போக ஏறக்குறைய 300 கிலோமீற்றர், வர 300. அந்தப் பழைய விமான ஓடுபாதையில் எழுபது எண்பது கிலோமீற்றர் ஓடுவதற்கு, அதே ரயரில் ஹபரணைக் காட்டை இரண்டு தரம் கடக்க வேண்டும். அப்போ நான் உண்மையில் யாருக்காக ரயர் வாங்கவேண்டும், ட்ராக்குக்கா, ஏ6 வீதிக்கா?

பூட்டியது அநுராதபுரச் சந்தியில், வழமையாகப் போகும் கடையில். அண்ணை ரயரை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தம்பி, இது அழிறப்பர் மாதிரிக் கிடக்கு, ஒரு வருசத்துக்கும் காணாது" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை, முழுக்கப் பிழையும் இல்லை.

பக்கச்சுவரில் ட்ரெட்வெயர் என்று ஒரு எண் அடித்திருக்கும். அமெரிக்கத் தர முறை அது, 100 என்ற ஒப்பீட்டு ரயரோடு வைத்துத் தேய்மானத்தைச் சொல்வது. ஏடி08ஆர் 180. மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4 பார்த்தால் 320, டோயோ ஆர்888ஆர் 100, நான்காங் ஏஆர்-1 வெறும் 80. எண் குறையக் குறைய ரப்பர் மெது, பிடி கூட, ஆயுள் குறைவு என்பது பொதுவான கணக்கு. ஆனால் சோதித்துவிட்டுக் கடைசி எண்ணைப் போடுவது அந்தந்தக் கம்பனிதான், ஆகவே ஒரு கம்பனியின் 200-ஐயும் இன்னொன்றின் 200-ஐயும் அப்படியே ஒப்பிடாதீர்கள். என் அனுபவத்தில் 100-க்குக் கீழே உள்ளவற்றை றோட்டில் ஓடுவது பற்றி யோசிக்கவே வேண்டாம், அதுவும் மாரி பெய்யும் ஊரில்.

ஊருக்குள் எப்படி என்றால், சத்தம். புதிதில் தெரியவில்லை, ஆறாயிரம் தாண்டியதும் எழுபதில் போகும்போது பின்சீற்றில் யாரோ முனகுவது மாதிரி ஒரு இரைச்சல். கல் பொறுக்கும். நிலாவெளிப் பாதையில் காற்றுக்கு மணல் றோட்டில் ஏறிக்கிடக்கும் நாட்களில், சூடான ரயர் அதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து மட்காட்டுக்குள் கொட்டும், மழை மாதிரிச் சத்தம் கேட்கும். ஆனால் பிரேக்! எங்கள் ஊர் மான்களைத் தெரிந்தவர்களுக்குப் புரியும், இரவு ஒன்பது மணிக்கு கோட்டைப் பக்கத்தால் வந்தால் ஒரு கூட்டம் தன்பாட்டில் றோட்டைக் கடக்கும், ஒன்று கடந்துவிட்டதே என்று காலை எடுத்தால் பின்னால் நாலு வரும். அந்த நேரத்தில் ஒரு நாளும் ஏபிஎஸ் துடித்ததில்லை. நின்றது, அவ்வளவுதான்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த ரயர் அதன் சொந்த ஊரில் இருப்பது மாதிரி. தார் கொதிக்கும், ரயர் அதற்கென்றே செய்தது போல ஒட்டும். தேய்வதும் அப்போதுதான் கூட.

இனி ட்ராக். முதல் தடவை 32 பிஎஸ்ஐ காற்றோடு, ஊரில் அடித்த அதே அளவோடு இறங்கினேன். இரண்டு சுற்று அருமை. நாலாவது சுற்றில் முன்பக்கம் வளைவுக்கு வெளியே வழுக்கத் தொடங்கியது, ஸ்டியரிங்கைத் திருப்பத் திருப்ப ரயர் அழுகிறதே தவிரக் கார் திரும்பவில்லை. உள்ளே வந்து கேஜ் வைத்தால் 40. ரயர் சூடாகி உள்ளே காற்று விரிந்து, நடுப்பகுதி மட்டும் தரையில் ஊன்றி ஓடியிருக்கிறேன். சூட்டோடு 35-க்கு இறக்கினேன், அடுத்த ஓட்டத்தில் வேறொரு கார். அன்றைக்கு எனக்குச் சொல்லித்தர ஆளில்லை, அதனால் இதை விரிவாக எழுதுகிறேன்: ட்ராக்குக்குக் குளிர்ந்த ரயரில் அடிக்கும் அளவு முக்கியமில்லை, ஓடிவிட்டு வந்தவுடன் கேஜ் என்ன காட்டுகிறது என்பதுதான் பேச்சு. என் காருக்கு முன்னுக்கு 34 – 35 சூட்டில் சரிவந்தது. உங்கள் கார் பாரமென்றால் வேறாக இருக்கும்.

சூட்டில் 35-க்கு இறக்கிய ரயர் ஆறினால் 28-க்குக் கீழே போய்விடும். அன்று மாலை அந்த ஞாபகமே இல்லை. களுத்துறையில் சாப்பிட்டுவிட்டு இரவோடிரவாக ஊருக்கு வந்தேன், அடுத்த நாள் காலை பார்த்தால் முன் இரண்டும் 27. அந்தக் காற்றோடு குழியும் குண்டுமாக 300 கிலோமீற்றர். றிம் வளையாதது என் புண்ணியம். அதற்குப் பிறகு சிகரெட் லைட்டரில் செருகும் சின்னப் பம்ப் ஒன்று காரிலேயே கிடக்கிறது.

இன்னொன்று, ட்ராக்கில் உதிர்ந்த ரப்பர் துருவல் சூடான ரயரில் அப்பிக்கொள்ளும். வெளியே வந்து முதல் இருபது கிலோமீற்றர் கார் நடுங்கும், சில்லுக்கு பலன்ஸ் போய்விட்டதென்று பயந்து ஒரு கராஜில் நிறுத்தி அந்தப் பொடியனைச் சிரிக்க வைத்தேன். பழைய சாவியால் சுரண்டிவிட்டால் சரி.

காற்று பற்றிப் பேசும்போதே ஒரு வேடிக்கை. ஏப்ரலில் மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டி பார்க்க நுவரெலியா போனேன். ஊரில் முப்பது பாகை வெப்பத்தில் 32 அடித்துப் போனவன், அங்கே காலைக் குளிரில் குறைந்திருக்கும் என்று கேஜ் வைத்தால் ஏறக்குறைய அதே 32. கேஜ் பழுது என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது: குளிருக்கு இரண்டு, இரண்டரை பிஎஸ்ஐ குறைகிறது, ஆனால் 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அமுக்கமே மூன்று பிஎஸ்ஐ போலக் குறைவு, கேஜ் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே. ஒன்றை ஒன்று விழுங்கிவிட்டது. ரயர் வாங்க இது உதவாது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, கந்தளாய். 2021 டிசம்பர், கட்டுக்குருந்தவில் இருந்து திரும்பும் வழி. தவாளிப்பு ஆழம் அப்போது 3 மில்லிமீற்றர். ரயரின் தேய்மானக் குறி 1.6-இல்தான் வரும், ஆகவே இன்னும் பாதி இருக்கிறது என்ற நினைப்பு. ஹபரணை தாண்டியதும் மழை அடித்து ஊற்றத் தொடங்கியது, மாலை ஏழு மணி இருக்கும். அக்போபுரவுக்கு முன்னே லொறிகள் ஓடி ஓடிப் பதிந்த தடத்தில் தண்ணீர் நிற்கிறது, நான் எழுபதில். ஒரு வினாடி ஸ்டியரிங் பஞ்சு மாதிரி லேசாகிவிட்டது. எஞ்சின் சத்தம் மட்டும் ஏறுகிறது, கார் நேரே போகிறது, நான் ஓடவில்லை, அது மிதக்கிறது. பிரேக்கில் கால் வைக்கவில்லை, அக்சிலேற்றரில் இருந்து காலை மெல்ல எடுத்தேன், பிடித்துக்கொண்டது. அந்த இடத்தில் ஒரு யானை நின்றிருந்தால்? பிறகு ஒரு பஸ்ஸின் பின்னால் நாற்பத்தைந்தில் கந்தளாய் மட்டும் வந்தேன். இது ரயரின் குற்றமில்லை. இந்த வகை ரயரில் தண்ணீர் போக வழி குறைவு, பெரிய பெரிய ரப்பர்க் கட்டிகள், புதிதில் ஆழம் இருப்பதால் சமாளிக்கும். 4 மில்லிமீற்றருக்குக் கீழே வந்தால் மாரியில் ஓடாதீர்கள் என்பது என் கணக்கு. அப்படிப் பார்த்தால் அதன் ஆயுள் எனக்கு 19,000 இல்லை, 12,000 – 13,000தான்.

2022-இல் கதை வேறு. பெற்றோல் வரிசை, பிறகு கியூஆர் அட்டையில் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். ட்ராக்காவது மண்ணாவது. கார் மாதக்கணக்கில் முற்றத்தில் நின்றது. திரும்ப ஓடத் தொடங்கியபோது அழிறப்பர் பலகையாகியிருந்தது. நகம் அழுந்தவில்லை. 2023-இல் கடைசியாக ட்ராக் போனபோது பார்வைக்கு இன்னும் ரயர் இருக்கிறது, பிடி இல்லை. தேய்ந்து முடிவதற்கு முன் முதுமையில் முடிந்த ரயர்.

புது ரயர் விலை அதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. கொழும்பில் ஒரு கடை (பெயர் வேண்டாம்) மலிவாகச் சொன்னது, காசை வங்கியில் போட்டேன், பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். வந்த ரயரில், பக்கச்சுவரில் அடித்திருக்கும் டொட் எண்ணின் கடைசி நாலு இலக்கம் 2417. அதாவது 2017-இன் 24ஆம் கிழமை செய்தது, ஆறு வருடப் பழசு. திருப்பி எடுக்கச் சொன்னால் முதலில் "பார்த்துச் சொல்றம்", பிறகு அழைப்பையே எடுப்பதில்லை. காசு கொடுக்க முன் அந்த நாலு இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நாலு ரயருக்கும் தனித்தனியாக.

இப்போது காரில் இருப்பது சாதாரண 300-க்கு மேல் எண் உள்ள ரயர்கள், அமைதியான பிள்ளைகள், மழைக்குப் பயமில்லை. ட்ராக்குக்கென்று, பாவித்த றிம் நாலு தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். பின்சீற்றை மடித்தால் சுவிஃப்டுக்குள் நாலு சில்லும் ஜக்கும் அடங்கும், ஆனால் மனுசி முன்சீற்றில் ரப்பர் மணம் தாங்காமல் ஒரு தரம் வந்ததோடு சரி. அந்த றிம்முக்கு நியோவாவின் அடுத்த மொடல் ஏடி09 போடவா, இல்லை இனி றோட்டுக் கவலை இல்லைதானே என்று இன்னும் மெது ரப்பர் உள்ள ஒன்றுக்குப் போகவா என்று முடிவில்லை. மாரி முடியட்டும்.