ஆய்வேட்டுக்கு எந்த நடைக் கையேடு? ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ ஓர் அலசல்

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கம் ஆய்வேடு எழுதும் பலர் துறையின் பெயரை வைத்தே நடைக் கையேட்டை, அதாவது சான்றுகளை எப்படிக் குறிப்பது என்று சொல்லும் கையேட்டை, முடிவுசெய்துவிடுகிறார்கள். தமிழா, எம்எல்ஏ (அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கக் கையேடு), சமூகவியலா, ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கக் கையேடு). கையில் சேர்ந்திருக்கும் சான்றுகள் எப்படிப்பட்டவை என்று பார்த்து முடிவுசெய்தால் பாதி அவதி குறையும். பல்கலைக்கழகமே ஒரு பாணியை விதித்திருந்தால் மட்டும் இந்தத் தேர்வுக்கு இடமில்லை.

வில்லுப்பாட்டு, நாட்டார் தெய்வங்கள் பற்றிய ஆய்வுக்கு எம்எல்ஏதான் பொருந்தும். புலவரிடம் நீங்களே எடுத்த நேர்காணலை அதன் 9ஆம் பதிப்பு (2021) நூற்பட்டியலிலேயே சேர்க்கிறது: சொன்னவர் பெயர், 'ஆய்வாளர் எடுத்த நேர்காணல்', தேதி. ஏபிஏ 7ஆம் பதிப்பு அதைப் பட்டியலில் அனுமதிக்காது. வாசகர் தேடிப் பார்க்க முடியாத சான்றை 'தனிப்பட்ட தொடர்பு' என்று உள்ளே அடைப்புக்குறியில் சொல்லிவிட்டு நகர வேண்டும். ஆய்வில் பங்கேற்பாளராகவே பேசியவர் என்றால் அதுவும் கிடையாது. முக்கால்வாசிச் சான்று வாய்மொழியாக இருக்கும் ஆய்வேட்டை ஏபிஏயில் எழுதினால், களப்பணியின் சுவடே பட்டியலில் இருக்காது.

மீனவர் வருமானம், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர் கூலி போன்ற கணக்கெடுப்பு ஆய்வுகளுக்கு ஏபிஏ. அங்கே எண்களின் வயதுதான் முக்கியம், (செல்லையா, 2015, ப. 45) என்று ஆண்டு முன்னால் நிற்பதால் பழைய புள்ளிவிவரம் உடனே கண்ணில் படும். எம்எல்ஏயில் (செல்லையா 45) மட்டும்தான். காற்புள்ளியும் இல்லை, ஆண்டும் இல்லை.

வட்டார வரலாறு எழுதுகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், சிகாகோ பல்கலைக்கழக அச்சகக் கையேட்டின் அடிக்குறிப்பு முறைதான். 1949 ஜூலை 1 வரை இந்த மண் திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. பழைய ஓலையும் பத்திரமும் கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில் பேசும். ஆவணக் காப்பகம், கட்டு எண், கொல்லம் ஆண்டு, மாதம், அதற்கு நேரான கிறித்தவ ஆண்டு எல்லாமே ஓர் அடிக்குறிப்பில் அடங்கும், அடைப்புக்குறிக்குள் அடங்காது. மாற்றும்போது எல்லாவற்றோடும் 825ஐக் கூட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் 31 வரை 824, ஜனவரி முதல் ஆடி முடிய 825. கொல்லம் 1100 ஆவணி என்பது 1924. அதே ஆண்டின் மாசி 1925. மார்கழி இரண்டு ஆண்டிலும் கால் வைப்பதால், நாள் தெரியாத மார்கழிப் பத்திரத்துக்கு 1924-25 என்றே போடுங்கள். சிகாகோவுக்கு ஆசிரியர்-ஆண்டு என்று இன்னொரு முறையும் உண்டு. 'சிகாகோ' என்று மட்டும் நெறியாளர் சொன்னால் எந்த முறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பொறியியலுக்கு ஐஇஇஇ, மருத்துவத்துக்கு வான்கூவர். இரண்டும் எண் முறை, சான்றுகளுக்கு வரிசையாக எண் இடுபவை. நடுவில் ஒரு சான்று நுழைந்தால் பின்னாலுள்ள எண்கள் அத்தனையும் மாறும். கையால் எண் போடாமல் ஜோட்டிரோ போன்ற, சான்றுகளைத் தொகுத்துப் பட்டியலிடும் மென்பொருளிடம் விடுங்கள்.

அந்த மென்பொருளிலும் தமிழ்ப் பெயர்கள் சிக்கும். 'ந. செல்லத்துரை' என்பதில் குடும்பப் பெயர் இல்லை. 'ந' தகப்பனார் பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயருக்கான கட்டத்தில் 'செல்லத்துரை', அடுத்ததில் 'ந.' என்று இட வேண்டும். மாற்றி இட்டால் பட்டியல் தகப்பனார் பெயரில் வரிசைப்படும். பெயரைத் திருப்பாமல் அப்படியே வைக்க நினைத்தால் இரண்டு கட்டத்தையும் ஒன்றாக்கும் பொத்தான் இருக்கிறது.

ஒற்று மிகுமா, சொல்லைச் சேர்ப்பதா பிரிப்பதா என்பதற்கு இந்த ஆங்கிலக் கையேடுகளில் பதில் இல்லை. அதற்கு மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' பக்கத்திலேயே இருக்க வேண்டும். பத்திரிகைக் கட்டுரைக்கு அதுவும் அந்தப் பத்திரிகையின் வழக்கமும் போதும். ஏபி (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின்) கையேடு ஆங்கிலச் செய்திக்காக எழுதப்பட்டது.

கடைசியாக ஒன்று, சாய்வெழுத்து. நூல் தலைப்பைச் சாய்க்கச் சொல்கின்றன ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ மூன்றும். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனிச் சாய்வு வடிவம் இல்லை. வேர்டு வலிந்து சாய்ப்பதால் அச்சில் கொம்பும் காலும் அசிங்கமாக விழும். நெறியாளரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கி, தலைப்புகளைத் தடித்த எழுத்தில் அமையுங்கள்.