மேடைத் தீர்க்கதரிசனமா, வீட்டு ஜெபமா?

தர்மபுரியில் நடக்கும் தீர்க்கதரிசனக் கூட்டங்களுக்கு, அதாவது ஊழியக்காரர் மேடையில் நின்று கடவுள் தந்த வார்த்தை என்று சொல்லும் கூட்டங்களுக்கு, நானும் தங்கச்சியும் நாலு வருஷம் விடாமல் போனோம். இப்போது இரண்டு வருஷமாகக் காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போகிறோம். எது நல்லது என்று சபையில் பலர் கேட்கிறார்கள். என் மனசு வீட்டு ஜெபத்தின் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாட்டு, ஜனம், ஆராதனையின் எழுச்சி எல்லாம் மேடைக் கூட்டத்தில்தான் அதிகம். வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர், இரண்டு பாய். இது எல்லோருக்கும் தெரிந்ததே.

நான் பார்ப்பது ஒன்றுதான்: சொன்ன வார்த்தையை நிதானிக்க, அதாவது சரிதானா என்று சோதித்துப் பார்க்க, ஆள் உண்டா? வேதத்தில் 1 கொரிந்தியர் 14-ல் தீர்க்கதரிசனம் எதற்கு என்று அப்போஸ்தலன் பவுல் சொல்கிறார்: பக்திவிருத்தி, புத்தி (அதாவது புத்திமதி), ஆறுதல். அதே அதிகாரம் 29-ம் வசனத்தில், இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறார். மைக் பிடித்தவர் ராத்திரியே அடுத்த ஊருக்கு வண்டி ஏறிவிட்டால் எங்கே போய் நிதானிப்பது?

தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லை. வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் கூட்டத்தில் அவளை எழுப்பி நிறுத்தி, "அடுத்த மாங்காய் சீசனுக்குள் உன் மடியில் குழந்தை" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். சீசன் வந்தது, போனது. அவரைக் கேட்க வழியில்லை. "உனக்கு விசுவாசம் பத்தலை" என்று கூட வந்தவர்கள் சொல்லப்போக, அவள் வேதத்தைத் திறப்பதையே விட்டுவிட்டாள்.

வீட்டு ஜெபத்தில் ஒரு அக்கா, மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர், ஒருநாள் அவளிடம் சொன்னார்: "கண்ணு, 34-ம் சங்கீதம் வாசிக்கையில உன் ஞாபகமாவே இருந்துச்சு. நொறுங்குண்ட இருதயத்துக்குக் கர்த்தர் சமீபமா இருக்காரு. உனக்குப் பொருந்துச்சுன்னா வெச்சுக்கோ, இல்லேன்னா விட்டுடு." தேதி, கெடு எதுவும் இல்லை. அடுத்த வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து, கையில் மாம்பழ வாசனை போகாமலே, தூக்குவாளியில் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்தார். "அன்னைக்கு நான் சொன்னது உன்னை நோகடிச்சுதா?" என்று கேட்டார். நாலு வருஷத்தில் எங்களை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

வருங்காலத்தைச் சொல்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்போஸ்தலர் 11-ல் அகபு என்ற தீர்க்கதரிசி பஞ்சம் வரும் என்றார். ரோமப் பேரரசன் கிலவுதியு ராயன் நாளில் வந்தது. ஆனால் அந்தியோகியா சபை கேட்டதோடு நிற்கவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கபடி பணம் சேர்த்து, பர்னபா, சவுல் கையில் யூதேயாவுக்குக் கொடுத்தனுப்பியது. பர்னபா என்ற பெயருக்கே ஆறுதலின் மகன் என்றுதான் அர்த்தம்.

மேடைக் கூட்டத்தில் ஒரு வார்த்தை கேட்டுக் குடியை விட்டவர்களையும் எனக்குத் தெரியும். எனக்குத் தீர்க்கதரிசன வரம் இல்லை. அதனால் சொல்கிறவரின் பக்கத்திலிருந்து பேச எனக்கு அனுபவம் போதாது. வீட்டு ஜெபத்திலும் குறை உண்டு. ஒருவர் அழுது சொன்ன விஷயம் மறுநாள் தெருவுக்குப் போய், ஒரு குடும்பம் வருவதையே நிறுத்திவிட்டது.

மேடைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் கேட்டதை அன்றே எழுதிவைத்து, உங்கள் குடும்பத்தை அறிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். தங்கச்சி இப்போது அப்படித்தான் செய்கிறாள். குழந்தை இன்னும் இல்லை. வேதம் மறுபடியும் அவள் தலைமாட்டில் இருக்கிறது.