வீட்டுக்கு ஃபைபரா, ஊருக்குப் பொது வைஃபையா?

காரைக்குடிப் பக்கத்து ஊர்களில், இருக்கிற பணத்தை எதில் போடுவது என்று குழம்புகிறவர்களுக்காக இது.

செலவு: ஃபைபருக்கு, அதாவது கண்ணாடி இழைக் கம்பி வழியே வீட்டுக்கு வரும் இணையத்துக்கு, மாதாமாதம் கட்டணம். பொது வைஃபையில் தேவைப்படும் அன்றைக்குச் சிறு தொகை போதும். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டத்தில் பெட்டிக்கடைக்காரரே உரிமம் இல்லாமல் இதை நடத்தலாம்.

வேகம்: ஃபைபர்தான். ஆனால் செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவர்களைத் தாண்ட, உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் இன்னொரு ரவுட்டர் வேண்டும்.

விடுபடுவது யார்: என்னை உறுத்துவது இதுதான். ஃபைபர் மட்டும் என்றால், ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு இணையம் எட்டாமல் போகலாம். சரி, கடைவாசலில் வைஃபை வைத்தால்? இருட்டிய பிறகு பெண்பிள்ளைகள் அங்கே நின்று படிக்க முடியுமா? நூலகத்தில் வையுங்கள்.

பாதுகாப்பு: பொது வைஃபையில் வங்கி வேலை வேண்டாம். ஓடிபியை அடுத்தவரிடம் நீட்டி, ‘என்னப்பா வந்திருக்கு?’ என்று கேட்கும் ஆச்சிமாருக்கு, அதை யாருக்கும் காட்டக்கூடாது என்று முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அப்புறம், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் இணைப்பு கேட்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரியிலேயே அத்தகைய பாரபட்சக் கட்டணத்தைத் தடைசெய்துவிட்டது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஃபைபர். ஊர்ப் பொதுப் பணம் என்றால் நூலக வைஃபை.