உரிமம் பத்து, பதில் எழுத முடிவது மூன்றில்: 1,41,600 ரூபாய் போயிற்று

பத்தமடைக் கோரைப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரை நெய்து வெளியூர்க் கல்யாண வீடுகளுக்கு அனுப்பும் வியாபாரம் எங்களுடையது. பெயரின் எழுத்தும் கரையின் நிறமும் பற்றி வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் வரும் கேள்விகளை ஒரே திரையில் பார்த்துப் பதில் சொல்ல உதவும் வாடிக்கையாளர் சேவை மென்பொருளுக்காகச் சென்ற மாதம் 1,41,600 ரூபாய் கட்டி ஏமாந்தேன். பிறர் கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் எழுதுகிறேன்.

விற்றவர், மென்பொருளைப் பயன்படுத்த ஆளுக்கு ஒன்றாக வாங்க வேண்டிய உரிமங்களை வாங்கி மறுவிற்பனை செய்யும் உள்ளூர் முகவர். வண்ணார்பேட்டையில் எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து, தம் மடிக்கணினியிலிருந்து ஒரு வாடிக்கையாளருக்கு என் கண்முன்னே பதில் அனுப்பிக் காட்டினார். ஆளுக்கு மாதம் 1,000 வீதம் பத்துப் பேருக்கு ஓராண்டுக்கு 1,20,000, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 21,600 என்று கணக்குச் சொன்னார். மொத்தமாகக் கட்ட நான் தயங்கியபோது, "நான் எங்க ஓடிரப் போறேன் அண்ணாச்சி, வீடு பாளையங்கோட்டையிலதான இருக்கு" என்றார். அந்தச் சொல்லை நம்பித்தான் அன்று மாலையே பணம் அனுப்பினேன்.

மறுநாள் பத்துப் பேரில் மூவரால் மட்டுமே பதில் எழுத முடிந்தது. மற்ற ஏழும் பார்வை உரிமங்கள். கேள்வியைப் படிக்கலாம், உள்குறிப்பு எழுதலாம், வாடிக்கையாளருக்கு ஒரு வரிகூட அனுப்ப முடியாது. அவர் எனக்குக் காட்டியது நிர்வாகி அனுமதியுள்ள தம்முடைய கணக்கை. எங்கள் கணக்கையும் அவர் தம் மின்னஞ்சலிலேயே தொடங்கியிருந்ததால், வேலையை விட்டுப் போன பெண்ணின் உரிமத்தைப் புதிதாக வந்தவருக்கு மாற்றும் அனுமதிகூட எங்களுக்கு இல்லை.

கேட்டதற்கு, நாளை சரியாகிவிடும் என்றார். பிறகு மென்பொருள் நிறுவனத்தில் புகார் பதிந்திருப்பதாகச் சொன்னார். புகார் எண்ணைக் கேட்டால் தரவில்லை. ஏழையும் முழு உரிமமாக்கக் கூடுதல் பணம் வேண்டும் என்றவர், இப்போது தொலைபேசியையே எடுப்பதில்லை. நிறுவனத்துக்கு நானே எழுதினேன். கணக்கின் உரிமையாளரிடம் மட்டுமே பேசுவோம் என்று பதில் வந்தது. 1,41,600 ரூபாய் கட்டியவன் நான், உரிமையாளர் அவராம்! இதற்கிடையில், எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டி ஒரு கல்யாண வீட்டார் அனுப்பிய செய்திக்குப் பதில் போகாமல், மணப்பெண்ணின் பெயர் தவறாகவே தறியேறிவிட்டது. அந்தப் பாயை முழுவதும் மறுபடி நெய்கிறோம்.

பணம் கட்டுமுன் நிர்வாகி கணக்கை உங்கள் மின்னஞ்சலில் தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் ஊழியரின் கணக்கிலிருந்தே பதில் அனுப்பிப் பாருங்கள். முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். எத்தனை உரிமம் என்பதோடு எந்த வகை என்பதையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் 'பயனர் 10' என்று மட்டுமே இருக்கிறது, அதை எடுத்துக்கொண்டுதான் நாளை வழக்கறிஞரைப் பார்க்கப் போகிறேன்.