எண்ணெய் ஊற்றி முழங்கையால் தேய்ப்பதற்குப் பெயர் மயோஃபேஷியல் ரிலீஸ் அல்ல

தசையைச் சுற்றியுள்ள மெல்லிய உறையைக் கையால் மெல்ல அழுத்தி இழுத்துப் பிடிக்கும் சிகிச்சைதான் மயோஃபேஷியல் ரிலீஸ். கழுத்துப் பிடிப்பு, தோள் இறுக்கம் என்று போனால் அந்தப் பெயரைச் சொல்லி, பத்து சிட்டிங் பேக்கேஜ் போட்டு 15,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் இடங்கள் பெருகிவிட்டன. பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

54 வயதுத் தையல்காரர் ஒருவர் அப்படிக் கட்டினார். இரண்டு வருடமாக வலது தோளில் வலி. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் தினமும் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் சாப்பிடுபவர். என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கழுத்தைத் திருப்பச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. குப்புறப் படுக்கவைத்து, எண்ணெயை ஊற்றி, தோளிலிருந்து இடுப்புவரை முழங்கையால் இழுத்திருக்கிறார்கள். மறுநாள் தோள்பட்டை எலும்பை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது. காட்டியதற்கு, "கெட்ட ரத்தம் வெளிய வருது, நல்லதுதான்" என்றார்கள். நான்காவது சிட்டிங்கில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் மரத்துப்போயின. அதற்கு, "முடிச்சு அவிழுது" என்று பதில்.

இரண்டுமே பொய். கன்றுவது தோலுக்கடியில் சின்ன ரத்தக்குழாய்கள் உடைவதால். இந்த மாத்திரைகள் சாப்பிடுபவருக்கு ரத்தம் நிற்கத் தாமதமாகி, கன்றல் பெரிதாகப் பரவும். அந்த இரண்டு விரல்கள் மரத்தால் கழுத்திலோ முழங்கையிலோ நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நிமிடமே கையை எடுத்துவிட்டு மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டும்.

முறையான சிகிச்சையில் எண்ணெய் அநேகமாக இருக்காது. எண்ணெய் இருந்தால் கை தோலின்மேல் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர, அடியிலுள்ள உறையைப் பிடிக்காது. உலர்ந்த விரல்களைப் பதித்து, தடை தட்டுப்படும் ஆழம்வரை மட்டும் அழுத்தி, அங்கிருந்து பக்கவாட்டில் மெல்ல இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். ஓர் இடத்துக்கு 90 விநாடி முதல் மூன்று நிமிடம், சில சமயம் ஐந்து நிமிடம். விரலுக்கடியில் இளகுவது தெரிந்த பிறகுதான் அடுத்த இடம். வலி பத்துக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தசை தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் இறுகும். ஒட்டிக்கிடக்கும் உறையை உடைத்துப் பிரிக்கிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது கையால் உடைகிற பொருளல்ல. நரம்பு மண்டலம் அடங்கி, தசை தளர்வதால்தான் பெருமளவு நிவாரணம்.

அதோடு, குனிந்தே வேலை செய்பவருக்குக் காறை எலும்புக்குக் கீழே, மார்பின் முன்பக்கச் சிறு தசை இறுகித் தோளை முன்னால் இழுத்துக்கொண்டிருக்கலாம். முதுகு அந்த இழுப்பைத் தாங்குவதால்கூட வலிக்கலாம். அப்படியிருக்க, முன்பக்கத்தைத் தொடாமல் முதுகையே தேய்த்தால் எப்படித் தீரும்?

கட்டிலில் ஏறுமுன் கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அளக்கிறார்களா, இறங்கியதும் மறுபடி அளக்கிறார்களா என்று பாருங்கள். வீட்டில் செய்யப் பயிற்சி தர வேண்டும். மூன்று நான்கு சிட்டிங்கில் மாற்றமில்லையென்றால் தொடர்வதில் அர்த்தமில்லை. ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகப் பணம் கட்டுங்கள். செய்பவர் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்தவரா என்று கேட்கத் தயங்காதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் யாரையும் அமுக்கவிடாதீர்கள், ரத்தக்கட்டி இருக்கலாம். காய்ச்சல், எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்), சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த கால் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தையல்காரருக்கு மீதி ஆறு சிட்டிங்கின் பணத்தைத் திருப்பித்தர மறுத்துவிட்டார்கள். பில்லில் "பாடி வெல்னஸ்" என்று மட்டும் இருந்தது, சிகிச்சை என்ற சொல்லே இல்லை. இப்படி நேர்ந்தால் கன்றலைத் தேதியோடு படமெடுத்து, பில்லையும் வாட்ஸ்அப் உரையாடலையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிவுசெய்யுங்கள்.