தனியார் ஜெட் விமானி வேலை: சம்பளம், ஓய்வு நாள், நிலைப்பு மூன்றையும் வைத்து ஒரு மதிப்பீடு

விமானி உரிமம் பெற்றுவிட்டுப் பெரிய விமான நிறுவனங்களின் தேர்வுக்குக் காத்திருக்கும் நம் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தனியார் ஜெட் இயக்குபவர்களிடமிருந்தும் அவ்வப்போது அழைப்பு வருகிறது. என் தங்கை மகனும் பாளையங்கோட்டையில் அவனோடு படித்த நண்பர்களும் அப்படி வந்த ஒப்பந்தங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவற்றை வரிவரியாக வாசித்து, அத்துறையில் இருப்பவர்களிடமும் கேட்டறிந்த பிறகு இதை எழுதுகிறேன். இந்த வேலைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: விமானத்தை வாடகைக்கு விடும் சார்ட்டர் நிறுவனம், ஒரு தொழில் குழுமம் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் விமானம், ஒரே விமானத்தைப் பலர் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளும் அமெரிக்கப் பங்குரிமை நிறுவனம். பங்குரிமையில் மிகப் பழையது நெட்ஜெட்ஸ். அங்கே பதினாறில் ஒரு பங்கு வாங்குபவருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பறப்பு கிடைக்கும்.

சம்பளத்தை எடுத்துக்கொண்டால், தனியார் ஜெட்டில் பெரும்பாலும் மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகையாகப் பேசுகிறார்கள். விமானம் பறந்தாலும் கொட்டகையில் நின்றாலும் அந்தத் தொகை வந்துவிடும் என்பது கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. விமான நிறுவனத்திலோ, குறிப்பிட்ட மணி நேரத்துக்கு உறுதியான ஊதியமும் அதற்கு மேல் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் தனித்தொகையும் தருவது வழக்கம். முதல் மாதச் சம்பளத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் பறப்பு மணியை மறந்துவிடுகிறார்கள். இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரப் பறப்பு போதும். கேப்டனாக உயரத் தேவைப்படும் ஏடிபிஎல் என்னும் மேல்நிலை உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். மாதம் 25 மணி நேரமே பறக்கும் ஒரு தனியார் ஜெட்டில் இடையிலுள்ள 1,300 மணியைச் சேர்க்க நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆண்டுக்கு 800 மணி நேரம் பறக்க வைக்கும் விமான நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் அது முடிந்துவிடும். பயிற்சிக்காக வயலை அடமானம் வைத்து வங்கிக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் மாதச் சம்பளத்தில் தெரியும் சில ஆயிரங்களைவிடப் பெரியது. டைப் ரேட்டிங் எனப்படும், குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான பயிற்சியின் செலவை நிறுவனமே ஏற்றால் அதற்கு ஈடாகக் கேட்கப்படும் பாண்டு, அதாவது விலகாமல் பணிபுரிவதாக எழுதித் தரும் உறுதி, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதையும், இடையில் விலகினால் திருப்பித் தரவேண்டிய தொகை ஆண்டுதோறும் குறைகிறதா என்பதையும் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டும்.

ஆனால் நான் சம்பளத்தைவிட முக்கியமாகக் கருதுவது ஓய்வு நாளைத்தான். குலதெய்வக் கோயில் கொடைக்கோ பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கோ ஊருக்கு வர முடியுமா என்பதை இரண்டு மாதம் முன்பே சொல்ல முடிகிற வேலையா, முந்தின நாள் இரவு வரை சொல்ல முடியாத வேலையா என்று கேட்டுப் பார்த்தால் இந்த வேலைகளின் தரம் உடனே பிரிந்துவிடும். நெட்ஜெட்ஸில் ஏழு நாள் பணி, ஏழு நாள் ஓய்வு என்ற முறை விமானிகளிடையே பெயர் பெற்றது. ஓய்வு வாரத்தின் தேதிகள் முன்கூட்டியே தெரியும். நம் சார்ட்டர் நிறுவனங்களில் வாடிக்கையாளர் அழைக்கும்போது பறப்பதுதான் தொழில் என்பதால், அழைப்புக்குத் தயாராகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்-பை நாளையும் ஓய்வு நாளையும் பிரிக்கும் கோடு சில ஒப்பந்தங்களில் மங்கலாகவே இருக்கிறது. சொந்த விமானம் வைத்திருக்கும் முதலாளியிடம் வேலை என்றால், நல்லவர் வாய்த்தால் நிம்மதி. இல்லாவிட்டால் தொலைபேசியைக் கீழே வைக்க முடியாது.

சட்டம் எவ்வளவு காப்பாற்றும் என்பதும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்தியாவில் விமான நிறுவனங்களுக்காக 2024-இல் வெளியான விதிகள் விமானியின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தின. அமெரிக்காவில் விமானப் போக்குவரத்து விதித்தொகுப்பில் சார்ட்டர் பறப்புகள் வரும் 135-ஆம் பகுதி விதிகள், ஒரு காலாண்டில் தலா 24 மணி நேரமாவது நீளும் 13 ஓய்வுகளைக் கட்டாயமாக்குகின்றன. அதே அமெரிக்காவில், உரிமையாளரின் சொந்த உபயோகத்துக்கான பறப்புகள் அடங்கும் 91-ஆம் பகுதியில் பொதுவாக அப்படிப்பட்ட பணிநேர வரம்பே இல்லை. அங்கே ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது மட்டுமே காவல்.

நம் ஊர்க்காரருக்கு இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. விமானம் டெல்லியிலோ மும்பையிலோ நிற்கும். அங்கிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் வந்து வீடு சேரவும் திரும்பவும் ஏறக்குறைய தலா ஒரு நாள் போய்விடும் என்றால், வாரத்துக்கு இரண்டு நாள் ஓய்வு என்பது குடும்பத்தைப் பார்க்க உதவாது. அதே எட்டு நாளை மாதத்தில் ஒரே தொகுப்பாகக் கேட்டு வாங்குவதே மேல். பேசிப் பார்த்தால் பல நிறுவனங்கள் இதற்கு இணங்குகின்றன என்று பணியில் இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

நிலைப்பைப் பொறுத்தவரை, பெரிய விமான நிறுவனம் என்றாலே பாதுகாப்பு என்று நம்பிவிட முடியாது. கிங்ஃபிஷர் 2012-இலும், ஜெட் ஏர்வேஸ் 2019-இலும், கோ ஃபர்ஸ்ட் 2023-இலும் பறப்பை நிறுத்தின. தனியார் ஜெட்டில் ஆபத்து வேறு வகையானது. 2008 நவம்பரில் அமெரிக்கக் கார் நிறுவனத் தலைவர்கள் அரசிடம் நிதியுதவி கேட்கத் தனி விமானங்களில் போய் இறங்கியதும் எழுந்த கண்டனத்தால், ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் அந்த விமானங்களைக் கைவிட முன்வந்தன. விமானியின் திறமைக்கும் அந்த முடிவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அக்காலத்துப் பொருளாதார மந்தநிலையின் தொடர்ச்சியாக 2010-இன் தொடக்கத்தில் நெட்ஜெட்ஸும் ஏறத்தாழ 500 விமானிகளைப் பணியிலிருந்து நிறுத்திவைத்தது. ஆனால் அங்கே தொழிற்சங்கம் இருந்தது, பணிமூப்பு வரிசை இருந்தது, நிலைமை சீரானபோது அழைக்கப்படும் வழி இருந்தது. ஒற்றை விமானம் வைத்திருக்கும் முதலாளியிடம் இவற்றில் ஒன்றும் கிடையாது.

என் மதிப்பீட்டில் பங்குரிமை நிறுவனமே முதலிடம் பெறுகிறது. ஆயினும் அமெரிக்காவில் வேலை செய்யும் சட்ட உரிமையும் அந்நாட்டு விமானி உரிமமும் போதிய அனுபவமும் இல்லாதவருக்கு அது எட்டாது. புதிதாக உரிமம் பெற்றவர், விமான நிறுவன வாய்ப்பு கைக்கு வந்தால் அதையே எடுத்துக்கொள்ளட்டும். அது வரத் தாமதமானால், பல விமானங்களை இயக்கும், ஓய்வு நாளை எழுத்தில் தரும் சார்ட்டர் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தொழில் குழுமத்தின் சொந்த விமானம், கேப்டன் நிலையை எட்டி, கடனையும் அடைத்து முடித்தவருக்கே பொருந்தும் என்று நினைக்கிறேன். அவரும்கூட, விமானம் விற்கப்பட்டால் எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள் என்பதை வாய்வார்த்தையாக விடாமல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.