சிறுதொழில் தொடங்க எந்த ஊர்? கிருஷ்ணகிரியைப் பற்றி ஓர் அனுபவ மதிப்பீடு

கொட்டை எடுத்த புளியைப் பொட்டலமிட்டு விற்பது, அதில் ஒரு பகுதியைப் புளிக்காய்ச்சலாகச் செய்து புட்டியில் அடைப்பது என்று ஒரு சிறுதொழிலைத் தொடங்க எங்கள் குடும்பம் முடிவு செய்தபோது, ஓசூர், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய மூன்று ஊர்களுக்கும் பலமுறை சென்று பார்த்தோம். கடைசியில் கிருஷ்ணகிரியைத் தேர்ந்தெடுத்து, இரண்டு புளிப் பருவங்களையும் கடந்துவிட்டோம். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு இந்த ஊர் எந்த அளவுக்குத் துணை நிற்கிறது என்பதை, நாங்கள் பட்டறிந்தவரையில் இங்கே பதிவு செய்கிறேன்.

ஓசூரை முதலிலேயே விலக்கிவிட்டோம். 2019-இல் மாநகராட்சியான அந்த ஊர், சிப்காட் எனப்படும் அரசுத் தொழிற்பேட்டை வளாகங்களை நம்பி உதிரிபாகம் செய்பவர்களுக்கும் கடைசல் பட்டறை வைப்பவர்களுக்கும் மிகவும் ஏற்றது. ஆனால் எங்களைப் போல உலர்த்தவும் அடுக்கவும் விரிந்த இடம் தேவைப்படுபவர்களுக்கு அங்குள்ள வாடகை கட்டுப்படியாகாது. தருமபுரியை விடுவதற்கு மனம் வரவில்லை. சேலம்–பெங்களூரு பாதையில் அதற்கு ரயில் நிலையம் இருக்கிறது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு அது இல்லை. இருந்தாலும் எங்கள் சரக்கு லாரியில்தான் போகிறது என்பதால், கன்னியாகுமரிச் சாலையும் சென்னை–பெங்களூரு சாலையும் சந்திக்கும் கிருஷ்ணகிரியே வசதியாகப்பட்டது. பெங்களூரு ஏறத்தாழ 90 கிலோமீட்டர்தான். காலையில் ஏற்றிய பெட்டி மாலைக்குள் கடைக்குப் போய்விடுகிறது.

ஆனால் எங்கள் முடிவை உறுதி செய்தது சாலை அன்று, பழையபேட்டை. அங்குள்ள புளி மண்டிகளில் சரக்கைக் கையில் எடுத்து, நிறம் பார்த்து, பிய்த்துச் சுவைத்து வாங்க முடிகிறது. அதைவிடப் பெரிய செல்வம், புளி தட்டத் தெரிந்த கைகள். எங்களிடம் வரும் ஓர் அம்மா சாக்கை விரித்து அமர்ந்து, உள்ளங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, ஓடும் நாரும் நீக்கிய பழத்தை ஒரு கருங்கல்லின் மேல் வைத்துச் சிறிய இரும்புச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். சதை நசுங்காது, கொட்டை மட்டும் வெடித்த பக்கமாகத் தெறித்து விழும். நான் தட்டினால் கொட்டையும் உடைந்து புளியில் ஒட்டிக்கொள்கிறது. கொட்டையையும் வீணாக்குவதில்லை; துணி ஆலைகளுக்கான கஞ்சி மாவு அரைப்பதற்கு அதைத் தனியாக எடை போட்டு வாங்கிக்கொள்கிறார்கள். இந்த வேலை தெரிந்த நாற்பது பேரை வேறோர் ஊரில் தேடிப் பிடிக்க எனக்கு எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அடுத்து அரசுச் சேவை. 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானதால், ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உணவுப் பாதுகாப்புத் துறை என எல்லாவற்றுக்கும் இந்த ஊருக்குள்ளேயே அலைந்தால் போதும். மாவட்டத் தொழில் மையத்தைப் பற்றி மனமாரப் பாராட்டியே எழுத வேண்டும். எங்கள் திட்ட அறிக்கையைப் பிரித்துப் பார்த்த அலுவலர், நடைமுறை மூலதனம், அதாவது சரக்கு வாங்கவும் கூலி கொடுக்கவும் கையில் வேண்டிய பணம், என்று நாங்கள் எழுதியிருந்த வரியைப் பென்சிலால் வட்டமிட்டு, "வருஷம் முழுக்க விக்கிற புளிய மூணு மாசத்துல வாங்கணுமே, ஒரு மாசக் கணக்கு போட்டிருக்கீங்களே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி எங்களைக் காப்பாற்றியது.

மானியத்தைப் பற்றிப் பேசும்போது, இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு முக்கியமான கணக்கு இருப்பதைச் சொல்லியாக வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு நகர்ப்புறத்தில் 15 விழுக்காடும் கிராமப்புறத்தில் 25 விழுக்காடும் மானியம் கிடைக்கிறது. பெண்கள், பட்டியல் வகுப்பினர், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு அது 25, 35 விழுக்காடு. ஆகவே 10 லட்சம் ரூபாய்த் திட்டத்தை ஒரு பெண் தன் பெயரில் நகராட்சி எல்லைக்குள் தொடங்கினால் இரண்டரை லட்சம், எல்லையைத் தாண்டி ஊராட்சிப் பகுதியில் தொடங்கினால் மூன்றரை லட்சம். காவேரிப்பட்டணம் செல்லும் வழியில், நகரை ஒட்டிய ஓர் ஊராட்சியில் நாங்கள் கொட்டகை பிடித்ததற்கு இதுவே காரணம். அந்தத் தொகை உடனே கைக்கு வந்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். அது வங்கியில் மூன்று ஆண்டுகள் தனி வைப்பாக இருக்கும், அந்த அளவு கடனுக்கு வட்டி போடமாட்டார்கள், பிறகுதான் கடனில் கழிப்பார்கள்.

எங்களுக்கு மன வருத்தம் தந்தவை இரண்டு. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைச் செய்து தருவதாக ஓர் இடைத்தரகர் எங்களிடம் 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள அந்தப் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் வாங்குவதில்லை என்பது பிறகே தெரிந்தது. ஆதார் எண்ணும் நிரந்தரக் கணக்கு எண்ணும் இருந்தால் அரை மணி நேரத்தில் நாமே முடித்துவிடலாம். இரண்டாவது, கடனுக்காக நாங்கள் அணுகிய வங்கிக் கிளை ஒன்று, தொழில் மையத்தின் பரிந்துரை சென்ற பிறகும் நான்கு மாதங்கள் இழுத்தடித்தது. அதற்குள் முதல் பருவத்துப் புளி மண்டியை விட்டுப் போய்விட்டது; தேவையானதை விலை ஏறிய பிறகே வாங்கினோம். ஊர் நன்றாக இருந்தும் ஒரு கிளையின் அலட்சியத்தால் ஓராண்டு லாபம் போகும் என்பதை இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

தண்ணீரைப் பற்றி உணவுத் தொழில் செய்ய நினைக்கும் ஒவ்வொருவரும் கவலைப்பட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் பாதிக்கும் புளோரைடு மிகுதி. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்ததே அந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் உச்ச வரம்பு. முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த இடத்து ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதித்து அறிக்கை வாங்குங்கள். நாங்கள் முதலில் பார்த்த கொட்டகையை அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் கைவிட்டோம். மும்முனை மின் இணைப்பு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஆட்களைப் பொறுத்தவரை, இளம்பெண்கள் விடியற்காலையில் கம்பெனிப் பேருந்து ஏறி ஓசூர் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்குச் சென்றுவிடுகிறார்கள். மாதச் சம்பளமும் வருங்கால வைப்பு நிதியும் கிடைக்கும்போது அவர்கள் போவது நியாயமே. நம்மிடம் வருபவர்கள் நாற்பதைக் கடந்தவர்கள். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பின் வந்து, திரும்புவதற்குள் போக வேண்டியவர்களுக்கு ஏற்ப நேரத்தை அமைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் ஆள் குறைவதில்லை.

இங்கே புளித் தொழில் தொடங்க நினைப்பவர்கள் ஆடி மாதத்திலேயே திட்ட அறிக்கையுடன் தொழில் மையத்துக்குச் சென்றுவிடுங்கள். தை பிற்பகுதியில் புது வரத்து தொடங்கும். பங்குனிக்குள் வாங்கி முடித்துக் குளிர்பதனக் கிடங்கில் அடுக்காவிட்டால் நிறம் கறுத்துவிடும். கிடங்கில் இடத்தை மார்கழியிலேயே சொல்லி வைக்க வேண்டும். இந்த ஆண்டு நாங்கள் அப்படித்தான் செய்தோம்.